எதிரே நின்றது யார்?

கண்ணு, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார். இன்று ஒரு விநோதமான கணக்கு சொல்லப்போகிறேன்.

2005-ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற அணி, ஃபீனிக்ஸ் சன்ஸ் என்ற அணியோடு ஐந்து ஆட்டம் ஆடியது. ஸ்பர்ஸ் எடுத்த புள்ளிகள் 121, 111, 102, 106, 101. கூட்டி ஐந்தால் வகு. ஆட்டத்துக்கு 108.2 வருகிறதா? சபாஷ்.

அந்தத் தொடர் ஜூன் 1 அன்று முடிந்தது. எட்டு நாள் கழித்து, ஜூன் 9 அன்று, அதே ஸ்பர்ஸ் இறுதிப் போட்டியில் இறங்கியது. இப்போது எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். ஏழு ஆட்டம் நடந்தது. ஸ்பர்ஸ் எடுத்தவை 84, 97, 79, 71, 96, 86, 81. இதையும் கூட்டு. 594. ஏழால் வகுத்தால் 84.9.

108.2 எங்கே, 84.9 எங்கே! ஆட்டத்துக்கு 23 புள்ளிக்கு மேல் போய்விட்டது.

பயிற்சியாளர் மாறவில்லை, அதே கிரெக் பாப்போவிச்தான். டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி எல்லோரும் இருந்தார்கள். எட்டு நாளில் பந்து எறிவது மறந்துபோகுமா? போகாது. அந்த ஆண்டுக் கோப்பையை வென்றதே ஸ்பர்ஸ்தான்!

அப்படியானால் மாறியது என்ன? யோசி. அவசரமில்லை.

எதிரே நின்றவர்கள் மாறினார்கள். "அட, இவ்வளவுதானா?" என்கிறாயா? இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தைப் பெரியவர்களே மறந்துவிடுகிறார்கள். புள்ளிப் பட்டியலைப் பார்த்து, அதிகம் எடுத்த அணிதான் நன்றாக ஆடியது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நாம் அப்படிச் செய்ய வேண்டாம். சரியாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. உனக்குக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் போட்டி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வொரு அணியும் லீக் சுற்றில் 82 ஆட்டம் ஆடும். நன்றாக ஆடிய 16 அணிகள் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும். அதற்குப் பிளேஆஃப் என்று பெயர். அங்கே இரண்டு அணிகள் ஒன்றையொன்று திரும்பத் திரும்ப எதிர்க்கும். முதலில் நான்கு ஆட்டம் வென்ற அணி மேலே போகும், மற்றது வீட்டுக்குப் போகும். இப்படி நான்கு சுற்று.

இங்கேதான் சிக்கல். லீக்கில் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும். பிளேஆஃபில் ஒரு அணிக்கு அதிகபட்சம் நான்கே எதிரிகள். யார் எதிரே வருவார்கள் என்பது பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம். ஒரு அணிக்கு ஓட்டைத் தடுப்பு வாய்க்கும். இன்னொன்றுக்கு இரும்புக் கோட்டை வாய்க்கும்.

இதுவரை புரிந்ததா? இப்போது உன்னை ஒரு மாந்தோப்புக்கு அழைத்துப் போகிறேன்.

நீ ஒரு தோப்பில் கல்லெறிந்து 12 மாங்காய் அடித்தாய். உன் தோழி பக்கத்துத் தோப்பில் 8 அடித்தாள். யார் கெட்டிக்காரர்? நீ என்று சொல்ல வாய் வரும். பொறு. உன் தோப்பில் காவல்காரர் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் தோப்பில் காவல்காரர் கம்போடு சுற்றி வந்தார், கூடவே ஒரு நாய். இன்னொன்றும் கேள். நீ 60 கல் எறிந்தாய். அவள் எறிந்தது 20 தான். இப்போது சொல், யார் கெட்டிக்காரர்?

(கல்லெறிந்தது சரியா தவறா என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொள். நான் கணக்கு மட்டும்தான் சொல்வேன்.)

ஆக, மாங்காயை எண்ணுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை கல்? எப்படிப்பட்ட காவல்? கூடைப்பந்திலும் இதே இரண்டு கேள்விதான். கல்லை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஒரு அணியின் கைக்குப் பந்து வருகிறது. அவர்கள் கூடையை நோக்கி ஓடுகிறார்கள். எறிகிறார்கள், அல்லது பறிகொடுக்கிறார்கள். பந்து எதிரணியின் கைக்குப் போகிறது. இதை ஒரு "வாய்ப்பு" என்று வைத்துக்கொள்வோம். வேகமாக ஓடி ஆடும் அணிக்கு ஓர் ஆட்டத்தில் நிறைய வாய்ப்பு வரும். நிதானமாக ஆடும் அணிக்குக் குறைவாக வரும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை.

1950 நவம்பர் 22. ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணியும் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியும் மோதின. லேக்கர்ஸ் பக்கம் ஜார்ஜ் மைக்கன் என்று ஒரு நெட்டை மனிதர் இருந்தார். 6 அடி 10 அங்குலம்! அவர் கையில் பந்து போனால் புள்ளிதான். பிஸ்டன்ஸ் என்ன செய்தது தெரியுமா? பந்தைக் கொடுக்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றது. தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது. பார்க்க வந்தவர்களுக்குக் கோபமான கோபம்.

கடைசியில் பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. 48 நிமிட ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 37 புள்ளி! லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கன் எடுத்தது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே குறைந்த புள்ளி ஆட்டம் இதுதான்.

இப்படியே போனால் யார் காசு கொடுத்து ஆட்டம் பார்ப்பார்கள்? சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் சொந்தக்காரர் டானி பயசோன் ஒரு வழி சொன்னார். நல்ல விறுவிறுப்பான ஆட்டங்களில் எத்தனை தடவை எறிகிறார்கள் என்று பார்த்தார். அணிக்கு 60, இரண்டுக்கும் சேர்த்து 120. ஓர் ஆட்டம் 48 நிமிடம். அதை நொடியாக்கு. 2,880. 120-ஆல் வகு.

24 வந்ததா? அதுதான்! பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். 1954-ல் இந்த விதி வந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் அணிக்குச் சராசரி 79.5 புள்ளி. விதி வந்த முதல் பருவத்தில் 93.1. அந்த ஆண்டு ஆட்டக்காரர்கள் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிடவில்லை. கல் அதிகமாயிற்று, மாங்காயும் அதிகமாயிற்று.

ஆனால் 24 நொடிக்குள் எறி என்றால், 20-ஆவது நொடியிலும் எறியலாம், 7-ஆவது நொடியிலும் எறியலாம். அதனால் வேகமான அணி, மெதுவான அணி என்ற பேதம் இன்றும் உண்டு. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் இந்த வேகமும் அதில் கலந்துவிடும். எனவே கணக்குத் தெரிந்தவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். 100 வாய்ப்புக்கு எத்தனை புள்ளி?

வாய்ப்பை எப்படி எண்ணுவது? ஆட்டம் முழுக்க விரலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் அச்சாகும் பட்டியலே போதும். டீன் ஆலிவர் என்பவர் 2004-ல் இந்தக் கணக்குகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

ஓர் அணியைக் கற்பனை செய்துகொள். அது 80 தடவை கூடைக்கு எறிந்தது. எழுதிக்கொள், 80. அதில் சில தவறின. தவறிய பந்தில் 10-ஐ அந்த அணியே பாய்ந்து பிடித்து மறுபடி எறிந்தது. பந்து எதிரி கைக்குப் போகவே இல்லை அல்லவா? அதே வாய்ப்பு தொடர்கிறது. அதனால் 10-ஐக் கழி. 70. எறியாமலே 14 தடவை பந்தைப் பறிகொடுத்தது. அவையும் முடிந்துபோன வாய்ப்புகள்தான். கூட்டு. 84.

இனி ஃப்ரீ த்ரோ. எறியும்போது எதிரி இடித்துவிட்டால் கொடுக்கும் இலவச எறி அது. நம் அணி 25 எறிந்தது. பெரும்பாலும் இரண்டு இரண்டாகத்தான் கொடுப்பார்கள். அப்படியானால் பாதியாக்கலாமா? கிட்டத்தட்ட. ஆனால் சில சமயம் பந்து கூடையில் விழுந்த பிறகும் ஒரு இலவச எறி கிடைக்கும். அந்த வாய்ப்பை ஏற்கெனவே 80-ல் எண்ணிவிட்டோமே! இப்படிச் சில விலக்குகள் இருப்பதால் 0.5-க்குப் பதில் 0.44-ஆல் பெருக்குகிறார்கள். 25-ஐ 0.44-ஆல் பெருக்கினால் 11. கூட்டு. மொத்தம் 95 வாய்ப்பு.

அந்த அணி 114 புள்ளி எடுத்ததென்றால், 95 வாய்ப்பில் 114. நூறு வாய்ப்புக்கு 120. முடிந்தது!

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். தண்ணீர் குடித்துவிட்டு வா.

ஸ்பர்ஸுக்குத் திரும்புவோம். 2004-05 பருவத்தில் லீக்கிலேயே வேகமான அணி ஃபீனிக்ஸ் சன்ஸ். ஆட்டத்துக்குச் சுமார் 96 வாய்ப்பு. ஸ்பர்ஸ் சுமார் 89. பிஸ்டன்ஸ் இன்னும் நிதானம், சுமார் 87. சன்ஸோடு ஆடும்போது ஸ்பர்ஸும் ஓடித்தான் ஆக வேண்டும். பிஸ்டன்ஸோடு ஆடும்போது நடக்க வேண்டியதுதான். ஆக, 23 புள்ளி குறைந்ததில் வேகத்துக்கும் பங்கு உண்டு.

எவ்வளவு பங்கு? தாராளமாகவே கொடுப்போம். வாய்ப்புகள் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன என்று வைத்துக்கொள். 108.2-ல் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 97 சொச்சம். ஆனால் ஸ்பர்ஸ் எடுத்தது 84.9. அதிலும் ஐந்தாவது ஆட்டத்தில் கூடுதல் நேரம் ஆடி, 96-95 என்று ஜெயித்ததையும் சேர்த்துத்தான் 84.9. மீதி 12 புள்ளி எங்கே?

அது காவல்காரர் வேலை.

பிஸ்டன்ஸின் நடுவே பென் வாலஸ் நின்றார். கூடைக்குக் கீழே நிற்பவர்களில் அவர் உயரமானவர் இல்லை. 6 அடி 9 அங்குலம்தான். ("தான்" என்கிறேன் பார்! நம் வீட்டு நிலைப்படியில் அவர் தலை இடிக்கும்.) ஆனால் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு தடவை வாங்கியவர். பக்கத்தில் ராஷீத் வாலஸ். ஓரத்தில் நீளக் கைகளோடு டெய்ஷான் பிரின்ஸ்.

நல்ல தடுப்பு என்றால் எல்லாப் பந்தையும் தட்டிவிடுவது என்று நினைக்கிறாய், இல்லையா? பெரும்பாலான வேலை அது இல்லை. கூடைக்கு அடியில் நின்று போடுவது சுலபமான எறி. அதை விடக்கூடாது. கோட்டுக்கு வெளியிலிருந்து, யாரும் மறைக்காமல் எறிவதற்கு மூன்று புள்ளி. அதையும் விடக்கூடாது. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் எதிரிக்கு என்ன மிஞ்சும்? நடுத் தூரத்திலிருந்து, முகத்துக்கு முன்னால் ஒரு கை ஆடிக்கொண்டிருக்க, 24 நொடி முடியப் போகும் பதற்றத்தில் ஓர் எறி. விழுந்தாலும் இரண்டே புள்ளி. பிஸ்டன்ஸ் எதிரிகளுக்கு இந்த மிச்சத்தைத்தான் பரிமாறியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2004 இறுதிப் போட்டியைப் பார். எதிரே லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேய்ட்டன் எல்லோரும் ஒரே அணியில்! லீக்கில் ஆட்டத்துக்கு 98.2 புள்ளி எடுத்த அணி. பிஸ்டன்ஸுக்கு எதிரே 75, 99, 68, 80, 87. சராசரி 81.8. மூன்றாவது ஆட்டத்தில் எடுத்த 68-ஐ இன்னொரு தடவை பார். பிஸ்டன்ஸ் நாலுக்கு ஒன்று என்று கோப்பையைத் தூக்கியது.

இப்படிப்பட்ட தடுப்பின் எதிரே ஸ்பர்ஸ் 84.9 எடுத்தால், "ஸ்பர்ஸின் தாக்குதல் சொதப்பியது" என்று சொல்வது நியாயமா? நீயே சொல்.

இப்போது நமக்கு வேண்டியது ஓர் அளவுகோல். அது லீக் சுற்றில் இருக்கிறது. 82 ஆட்டம் நீண்ட காலம். ஓர் அணி அத்தனை ஆட்டத்திலும் எதிரிகளுக்கு 100 வாய்ப்புக்கு எத்தனை புள்ளி கொடுத்தது என்று பார்த்தால், அதன் தடுப்பு எத்தனை கெட்டி என்று தெரிந்துவிடும்.

2004-05-ல் லீக் சராசரி, 100 வாய்ப்புக்கு ஏறத்தாழ 106 புள்ளி. ஸ்பர்ஸ் கொடுத்தது 99-க்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பருவத்தின் முதல் தரத் தடுப்பு அதுதான். சன்ஸ் கொடுத்தது சுமார் 107.

அப்படியானால் ஒரு சாதாரண அணி ஸ்பர்ஸை எதிர்த்தால் எவ்வளவு எடுக்கும் என்று எதிர்பார்க்கலாம்? 99. அதற்கு மேல் எடுத்தது எல்லாம் அந்த அணியின் கெட்டிக்காரத்தனம். கீழே போனால் அந்த அணியின் குறை. எடுத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி. மிஞ்சுவதுதான் உண்மையான மதிப்பெண்.

இந்த அளவுகோலைச் சன்ஸ் மீது வைத்துப் பார்ப்போமா? இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

அந்த சன்ஸ் பார்க்கவே அழகான அணி. பயிற்சியாளர் மைக் டி'அன்டோனி. பந்து கைக்கு வந்ததும் எதிரி அணிவகுத்து நிற்பதற்குள் ஓடி எறிந்துவிட வேண்டும் என்பது அவர் பாடம். ஓட்டி வந்தவர் ஸ்டீவ் நாஷ். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். லீக்கில் 62 வெற்றி. ஆட்டத்துக்கு 110.4 புள்ளி, எல்லா அணிகளிலும் அதிகம்.

பிளேஆஃபில் ஸ்பர்ஸோடு மோதியது. எடுத்த புள்ளிகள் 114, 108, 92, 111, 95. சராசரி 104. நாலுக்கு ஒன்று என்று தோற்று வெளியே போனது. உடனே பலர் தலையை ஆட்டினார்கள். "பார்த்தீர்களா? ஓட்டமும் எறியும் லீக்கோடு சரி. நல்ல தடுப்பைக் கண்டால் நின்றுவிடும்."

110.4-லிருந்து 104. குறைந்தது உண்மைதான். ஆனால் நாம் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியைக் கேட்டோமா?

எத்தனை வாய்ப்பு? சன்ஸ் ஆட்டத்துக்கு 96, ஸ்பர்ஸ் 89. இரண்டும் மோதினால் நடுவில் எங்கோ நிற்கும். தோராயமாக 92 அல்லது 93 என்று நாமே வைத்துக்கொள்வோம். 104 புள்ளியை அதால் வகுத்தால், 100 வாய்ப்புக்கு ஏறத்தாழ 112.

எதிரே யார்? 99 மட்டுமே கொடுக்கும் ஸ்பர்ஸ். 112-லிருந்து 99-ஐக் கழி. 13!

லீக்கில் சன்ஸ் 100 வாய்ப்புக்கு எடுத்தது சுமார் 114.5. சராசரி 106. கழித்தால் எட்டரை. அதுவே லீக்கில் முதல் இடம். பிளேஆஃபில், லீக்கிலேயே கெட்டியான தடுப்பின் எதிரே, அது 13 ஆகிவிட்டது! நின்றுபோயிற்று என்று சொன்னார்களே, அந்தத் தாக்குதல்தான் இன்னும் மேலே போயிருக்கிறது. அமாரே ஸ்டூடமயர் என்ற இளைஞர் மட்டும் அந்தத் தொடரில் ஆட்டத்துக்கு 37 புள்ளி எடுத்தார். டங்கனுக்கு எதிரே!

பிறகு ஏன் தோற்றார்கள்? ஆரம்பத்தில் நீ போட்ட கணக்கைப் பார். ஸ்பர்ஸ் எடுத்தது 108.2. சன்ஸால் தடுக்க முடியவில்லை. கோளாறு தடுப்பில் இருந்தது, பழி தாக்குதல் மேல் விழுந்தது. அந்த அணிக்கு நடந்தது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஐந்து ஆட்டம் என்பது கொஞ்சம்தான். ஒரே ஒரு நாள் பந்து விழாமல் போனாலும் சராசரி ஆடிவிடும். சன்ஸின் ஜோ ஜான்சன் முகத்தில் எலும்பு முறிந்து முதல் இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை. அவர் இருந்திருந்தால் எண்கள் வேறாக இருந்திருக்கலாம். வாய்ப்பு எண்ணிக்கையையும் நாம் நடுவில் பிடித்துத்தான் போட்டோம். அதனால் 13 என்பதைக் கல்வெட்டில் பொறித்துவிடாதே. எட்டரையை விடக் குறையவில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு வேடிக்கை. அந்த 2005 இறுதிப் போட்டியில் பிஸ்டன்ஸ் எடுத்தவை 69, 76, 96, 102, 95, 95, 74. கூட்டினால் 607. ஸ்பர்ஸ் எடுத்தது 594. குறைவாக எடுத்த அணி கோப்பையை வாங்கிவிட்டது! நான்காவது ஆட்டத்தில் பிஸ்டன்ஸ் 31 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. 31 புள்ளியில் வென்றாலும் ஒரு வெற்றி, 1 புள்ளியில் வென்றாலும் ஒரு வெற்றி. ஸ்பர்ஸ் அந்த 1 புள்ளி வெற்றியைத்தான் வைத்திருந்தது.

இப்போது நீ ஒரு கேள்வி கேட்பாய். கேட்காவிட்டால் எனக்கு ஏமாற்றம்தான். "ஸ்பர்ஸ் 99 தான் கொடுத்தது என்கிறீர்களே, அது யாருக்குக் கொடுத்தது? எதிரே நோஞ்சான் அணிகளாகவே வந்திருந்தால்?"

ஆகா! இந்தக் கேள்விக்காகவே உன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். தாக்குதலை அளக்கத் தடுப்பு தெரிய வேண்டும். தடுப்பை அளக்கத் தாக்குதல் தெரிய வேண்டும். எதை முதலில் பிடிப்பது?

லீக் சுற்று நீளமானது என்பதால் பாதிச் சிக்கல் தானே தீர்ந்துவிடும். எல்லோரையும் எல்லோரும் எதிர்க்கிறார்கள். ஆனால் முழுவதும் தீராது. மேற்கு அணி ஒன்று 82-ல் 52 ஆட்டம் மேற்கு அணிகளோடும், 30 ஆட்டம் கிழக்கு அணிகளோடும் ஆடுகிறது. மேற்கில் நன்றாக எறிபவர்கள் அதிகம் இருந்தால், மேற்குத் தடுப்புகள் பாவம், உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

கணக்கர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். முதலில் எண்களை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அதைக் கொண்டு தடுப்புகளைத் திருத்துவார்கள். திருத்திய தடுப்புகளைக் கொண்டு தாக்குதல்களைத் திருத்துவார்கள். அதைக் கொண்டு மறுபடி தடுப்புகளை. ஒவ்வொரு சுற்றிலும் எண்கள் கொஞ்சம் நகரும். போகப் போக நகர்வது குறையும். ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். அப்போது நிறுத்திக்கொள்ளலாம். கையால் செய்தால் ஒரு வாரம் பிடிக்கும். கணினி கண் சிமிட்டுவதற்குள் செய்துவிடும்.

கடைசியாக ஒரு நுணுக்கம். பல எதிரிகளைச் சந்தித்த அணியை எப்படி அளப்பது? 2005-ல் ஸ்பர்ஸ் டென்வரோடு 5, சியாட்டிலோடு 6, ஃபீனிக்ஸோடு 5, டெட்ராய்டோடு 7, ஆக 23 ஆட்டம் ஆடியது. நான்கு எதிரிகளின் தடுப்பைக் கூட்டி நான்கால் வகுத்தால் தப்பு. டெட்ராய்டை ஏழு நாள் முட்டி மோதியிருக்கிறார்கள். டென்வரை ஐந்து நாள்தான். அதனால் ஒவ்வொரு எதிரியின் எண்ணையும் ஆடிய ஆட்டத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த ஆட்டத்தால் வகுக்க வேண்டும்.

செய்து பார்க்கிறாயா? ஒரு கற்பனை அணி தருகிறேன். அது முதல் எதிரியோடு 4 ஆட்டம் ஆடியது. அந்த எதிரி 100 வாய்ப்புக்கு 110 புள்ளி கொடுக்கும் தளர்ந்த தடுப்பு. இரண்டாவது எதிரியோடு 5 ஆட்டம். அது கொடுப்பது 107. மூன்றாவது எதிரியோடு 7 ஆட்டம். அது 98 மட்டுமே கொடுக்கும் கெட்டிக் காவல். இந்த 16 ஆட்டத்திலும் சேர்த்து நம் அணி 100 வாய்ப்புக்கு 105 புள்ளி எடுத்தது.

முதலில் 110, 107, 98 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, 105-லிருந்து கழித்துப் பார். அப்புறம் நான் சொன்ன மாதிரி, 4, 5, 7-ஆல் பெருக்கிக் கழித்துப் பார். இரண்டு தீர்ப்பும் ஒன்றாக வருகிறதா என்று சொல்.